லூக்காஸின் எடை

எங்கள் சங்குமுனையில் எடை குறைந்துபோனது ஓர் ஐப்பசி மாதக் காலையில். மீன்கூடையைத் தலையில் ஏற்றிய பெண்கள், கூடை இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று கையால் தடவிப் பார்த்தார்கள். கூடை இருந்தது, கூடைக்குள் சீலா மீனும் இருந்தது, கனம் மட்டும் இல்லை. வேலியில் உட்கார்ந்திருந்த கோழி ஒன்று சிறகை ஒருதரம் அடித்துவிட்டு மாதா கோயில் மணிக்கூண்டு வரைக்கும் போய், இவ்வளவு உயரத்துக்கு ஏன் வந்தோம் என்று தெரியாமல் அங்கேயே முட்டையிட்டது. முட்டை ஆடி அசைந்து கீழே வந்து சேர நேரமாயிற்று. வந்த பிறகும் உடையவில்லை. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள், மற்றவர்கள் கலைந்து போனார்கள், ஏனென்றால் அன்றைக்குச் சந்தை நாள், எல்லோருக்கும் வேலை இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் எப்படிப் பழகினோம் என்று கேட்டால், செருப்பு மாற்றினால் கால் எப்படிப் பழகுகிறதோ அப்படித்தான். பெண்கள் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளைச் சேலைக் கரையில் வைத்துத் தைத்துக்கொண்டார்கள், ஆண்கள் இடுப்பில் கட்டுகிற சாரத்தின் மடிப்பில் கூழாங்கல் கட்டிக்கொண்டார்கள், காற்றடிக்கிற மாதங்களில் சின்னப் பிள்ளைகளை அரைஞாண் கயிற்றோடு கயிறு போட்டு வாசல் தூணில் கட்டிவைத்தோம். குழம்பை அள்ளி ஊற்றினால் அது சோற்றுக்கு வந்து சேருகிற வரைக்கும் ஊர்க்கதை பேசினோம். படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து நடமாடி, படுத்திருந்த காலத்தில் தங்களைப் பற்றி யார் யார் என்ன பேசினார்கள் என்று வீடு வீடாக விசாரித்து வம்பு வளர்த்தார்கள். ஓங்கி ஓர் அறை விட்டால் அறை வாங்கினவன் மெதுவாகப் பின்னால் மிதந்து போனான், அடித்தவனுக்கோ அதைப் பார்த்ததில் கோபமே மறந்துபோனது, இப்படியாக ஊரில் சண்டையும் குறைந்தது. மாதா திருவிழாவுக்குச் சப்பரத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காலங்காலமாய்ச் சப்பரம் தூக்கி அதில் பெருமையும் கண்டுவந்த ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். யாரும் குறை சொல்லவில்லை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இந்த லேசுக்கு ஓர் எல்லை இருந்தது. வடக்கே ஓடைப்பாலத்தின் நடுவோடு அது முடிந்துவிடும். ஊரிலிருந்து போகிற பஸ் பாலத்தின் பாதியைத் தாண்டும்போது உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "அம்மா" என்று சீட்டில் அழுந்துவார்கள். தெற்கே, கடல் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறுகிற இடத்தில் கனம் படகுக்குள் ஏறிக்கொள்ளும். கடலுக்குப் போகிற ஆண்களுக்கு அது பழகிப்போனது. பெண்களுக்குப் பாலத்தைத் தாண்டினால் முட்டி வலித்தது, அதனால் கூடை சுமந்து சந்தைக்குப் போவதை ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள், வியாபாரிகளின் மீன் வண்டியே ஊருக்குள் வரத் தொடங்கியது.

ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவரும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கருவியோடு வந்து பார்த்தார். நல்ல மனிதர். கோயில் படியில் உட்கார்ந்து எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னார்: பூமி ஒழுங்கான உருண்டை இல்லை, அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுப்பதும் இல்லை, இலங்கைக்குத் தெற்கே கடலில் அந்த இழுவை குறைந்த பெரிய பரப்பு ஒன்று இருக்கிறது, அங்கே கடல் மட்டமே நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது, ஆனால் கப்பலில் போகிறவனுக்குப் பள்ளத்தில் இறங்குகிறோம் என்பது தெரியாது, ஏனென்றால் அவனுக்கு மட்டம் காட்டுகிற தண்ணீரும் அவனோடு சேர்ந்தே தாழ்கிறது. நிலாவும் சூரியனும் இழுக்கிற இழுப்பில் நம் காலடியில் இருக்கிற தரையே தினமும் ஒரு சாணுக்கு ஏறி இறங்குகிறது, அதுவும் நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் வீடும் மரமும் நாமும் சேர்ந்தே ஏறுகிறோம் என்றார். ஒரே மாதிரி எல்லாம் மாறினால் எதுவும் மாறாத மாதிரிதான் இருக்கும் என்றும் சொன்னார்.

கருவாடு காயப்போடுகிற சேசம்மாள் கேட்டாள், "அப்போ அந்தப் பள்ளந்தான் நடந்து எங்க ஊருக்கு வந்துட்டோ?"

"அது நடக்காதும்மா. அந்தப் பள்ளத்துக்கே போனாலும் ஓர் ஆளுக்குச் சில கிராம்தான் குறையும். இங்கே இருப்பது போல எங்கேயும் இருக்க முடியாது."

"இருக்க முடியாதுன்னா எப்படி சார், இருக்கே?"

அவர் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். விளைமீன் குழம்பில் இரண்டாவது தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு வயிற்றில் நிற்கிற மாதிரியே இல்லை என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறினார். பாலத்தில் அவரும் "அம்மா" என்றார்.

ஒன்றை மட்டும் அவரிடம் நாங்கள் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை. எடை குறைந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் கண்ணீர் கீழே விழவில்லை. அழுகை வராமல் இல்லை, வந்தது, வந்து கண்ணிலேயே நின்றது. பார்வையை மறைத்துக்கொண்டு நின்றதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் அழுகையும் அத்தோடு சரியாகப் போனது. ஒப்பாரி வைக்கிறவள் நெஞ்சில் ஓங்கி அடித்தாலும் கை பூப்போல வந்து விழுந்தது. முதல் இரண்டு மூன்று சாவுக்குக் கண்ணைக் கசக்கிப் பார்த்தோம். பிறகு கண்ணும் சலித்துப்போய் விட்டுவிட்டது. சேசம்மாளின் மகன் பாம்பு கடித்துச் செத்தான், அவள் அடக்கம் முடிந்து வந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். எங்களுக்கு அதில் வருத்தம் இல்லை, வருத்தம் இல்லையே என்று வருத்தப்படவும் எங்களிடம் எதுவும் மிச்சம் இல்லை.

ஊரில் எடை குறைந்தபோது கித்தேரிக்கு வயிற்றில் பிள்ளை இருந்தது. அவளுடைய புருஷன் லூக்காஸ் கட்டுமஸ்தான ஆள், சிரித்தால் பக்கத்துத் தெரு நாய் குரைக்கும். நிறைமாதத்திலும் கித்தேரி தான் சூலி என்பதை மறந்து ஓடியாடித் திரிந்தாள், பிறந்த பெண் பிள்ளைக்கு ஜெனோவா என்று பெயர் வைத்தார்கள். கித்தேரி பிள்ளையைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், பேன் பார்த்தாள், ஒரு தாய் செய்யவேண்டிய எதையும் அவள் விட்டதில்லை. ஆனாலும் இடுப்பில் பிள்ளை இருக்கிறதா என்று மீன்கூடையைத் தடவின மாதிரி அடிக்கடி தடவிப் பார்ப்பாள். ஒருநாள் கடையில் அரிசி மூட்டைமேல் உட்காரவைத்தவள் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சமைத்து, தானும் சாப்பிட்டு, பாத்திரமும் கழுவி வைத்துவிட்டாள். கடைக்காரர் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் நினைவு வந்தது. அவளை யாரும் ஏசவில்லை. எல்லோர் வீட்டிலும் அப்படி ஒருதரமாவது நடந்திருந்தது.

லூக்காஸ் கடலிலிருந்து வருகிற நாட்களில் அவன் கண் சிவந்திருக்கும். ஒருநாள் வலையைச் சரிபார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னான்.

"நீலத்தண்ணிக்குப் போனா உங்க ரெண்டு பேரு ஞாபகமும் வந்து நெஞ்ச அடைக்கி, கித்தேரி. அங்க இருந்து அழுதுருக்கேன்னா பாத்துக்க. கரைக்கு வந்தா ஒண்ணும் இல்ல. உன்னிய நேருல பாக்கேன், ஒண்ணும் இல்ல. தப்பா எடுத்துக்காத."

"இதுல தப்பா எடுக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பில் மீனைத் திருப்பிப் போட்டாள். நிஜமாகவே அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் ஆள்கல் என்று ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிற ஒவ்வோர் ஆணுக்கும் அவன் வீட்டுப் பின்சுவர் ஓரம் ஒரு கல்குவியல் இருக்கும். திருவிழாவுக்கு முந்தின நாள் கோயில் முற்றத்தில் பெரிய மரத்தராசைக் கட்டி, ஒரு தட்டில் அவனை உட்காரவைத்து, மறு தட்டில் அவன் கற்களை அடுக்குவார்கள். போன வருஷத்தைவிடச் சதை போட்டிருந்தால் ஒரு கல்லைக் கூட்டுவார்கள், மெலிந்திருந்தால் ஒன்றைக் குறைப்பார்கள். கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால் அந்தக் கற்களைத்தான் அவன் சட்டை வேட்டியோடு பெட்டியில் வைத்து அடக்கம் செய்வோம். தூக்குகிற ஆறு பேரின் தோளுக்கும் அவன் எவ்வளவு இருந்தான் என்பது தெரியவேண்டும், இல்லாவிட்டால் அது அடக்கமே இல்லை என்பது எங்கள் முன்னோர் கணக்கு. எடை குறைந்த பிறகும் தராசைக் கட்டினோம். தட்டு சமமாகத்தான் நின்றது, ஆளும் கல்லும் சேர்ந்தே லேசாகிவிட்டதால் தராசுக்கு ஒன்றும் தெரியவில்லை, தராசுக்குத் தெரியாததால் எங்களுக்கும் தெரியவில்லை.

ஜெனோவாவுக்கு நான்கு வயது நடக்கும்போது லூக்காஸ் போன படகு சுழல்காற்றில் சிக்கியது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள், அவன் சேரவில்லை. ஊர்ப் படகெல்லாம் போய்த் தேடி ஓய்ந்த பிறகு, அவனுடைய அண்ணன் தஸ்நேவிஸ் ஆள்கல்லை எடுத்துப் பெட்டியில் அடுக்கி, மூடி, ஒற்றைக் கையால் தூக்கித் திண்ணென்று நிற்காமல் ஆடுகிறதே என்று பார்த்தார். பிறகு வழக்கத்தை விடக்கூடாது என்பதற்காக ஆறு பேரைக் கூப்பிட்டார். ஆறு பேரும் பெட்டியை விரல்நுனியில் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

கித்தேரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"இது அவரு இல்ல."

"கல்லு சரியாத்தான் இருக்கு தாயி," என்றார் தஸ்நேவிஸ்.

கல்லை யாரும் திருடியிருப்பார்களோ என்று ஒரு பேச்சு வந்தது. தராசைக் கட்டினோம். அண்ணனும் தம்பியும் ஒரே வாகு என்பதால் தஸ்நேவிஸையே ஒரு தட்டில் உட்காரவைத்து லூக்காஸின் கற்களை மறு தட்டில் வைத்தோம். முள் நேராக நின்றது. தராசு பொய் சொல்லாது என்று எல்லோரும் கித்தேரியைப் பார்த்தோம். அவள் தராசைப் பார்க்கவே இல்லை.

மாதா கோயில் பங்குச்சாமியார் வந்து யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். பெட்டியில் இன்னும் கல் போடுவோம், ஆறு பேரின் தோள் அமுங்குகிற வரைக்கும் போடுவோம், அவளுக்கும் மனசு ஆறும். சரியென்று அக்கம்பக்கத்து வீட்டு ஆள்கற்களை எல்லாம் கொண்டுவந்து, பெரிய பெட்டியாக ஒன்று அடித்து, அதில் கொட்டினோம். பத்து ஆளின் கல்லைக் கொட்டிய பிறகுதான் தூக்கினவர்களின் தோள் கொஞ்சம் இறங்கியது. சாமியார் நிம்மதியாகக் கித்தேரியைப் பார்த்தார்.

"பத்து ஆம்பளைக்கு நான் அழ முடியாது சாமி," என்றாள் கித்தேரி. "எனக்கு ஒருத்தருதான்."

"அப்போ என்னம்மா செய்யச் சொல்ற?"

அவள் குரலை உயர்த்தவில்லை, முகத்திலும் ஒன்றும் இல்லை. கடையில் உப்பு கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். "அவரு செத்துட்டாருன்னு எல்லாரும் சொல்லுதிய. எனக்குக் காதுல விழுது, உள்ள போகல. அப்பா எப்ப வருவாருன்னு பிள்ள கேட்டா, சாயங்காலம் வருவாருன்னு சொல்லுதேன். பொய் சொல்லணும்னு சொல்லல, எனக்கு அப்படித்தான் இருக்கு. இப்படியே மண்ணுல வச்சிட்டியன்னா நான் சாவுற வரைக்கும் மீன் ஆக்கி வச்சிட்டு அவரப் பாத்துக்கிட்டே இருப்பேன். அவரு கரைக்கு வந்தா ஒண்ணும் இல்லன்னு சொன்னாரு. அப்போ கரையில வேண்டாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருதரம் கொண்டு போங்க, அத்தான். அவரு எவ்வளவு இருந்தாருன்னு பாத்துட்டு எங்க வேணும்னாலும் வைங்க."

ஊருக்குள் கல்லறை இருக்கும்போது பெட்டியை ஊருக்கு வெளியே கொண்டுபோவதா என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. ஆனால் எங்கள் ஊரில் எதையும் பிடித்துக்கொண்டு நிற்க அப்போது யாருக்கும் தெம்பு இல்லை, வேண்டாம் என்று சொல்வதும் ஒரு வேலைதானே என்று சரி என்றோம். பத்து ஆளின் கல்லை அவரவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, லூக்காஸின் கல்லை மட்டும் சின்னப் பெட்டியில் வைத்து, முன்னால் சிலுவையும் மணியும் போக, ஊரே பின்னால் துள்ளித் துள்ளி நடந்து, வெயில் ஏறுகிற நேரத்தில் ஓடைப்பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். வழியில் தூக்குகிற ஆறு பேரும் இறால் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பாலத்தின் பாதியில் முன்னால் பிடித்த இருவரின் பேச்சு நின்றது. அவர்கள் தோள் இறங்கியது, முட்டி மடங்கியது, பின்னால் வந்தவர்கள் என்ன என்று கேட்பதற்குள் அவர்கள் தோளும் இறங்கியது. கழுத்து நரம்பு புடைக்க இன்னும் சில அடி வைத்துப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பக்கத்துச் செம்மண்ணில் பெட்டி 'தொம்' என்று விழுந்தது. ஒரு பொருள் கீழே விழுகிற சத்தத்தை நாங்கள் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

தஸ்நேவிஸ் மண்ணில் உட்கார்ந்த வாக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டார். "ஏலே தம்பி! இது அவந்தான்! சின்னப் பிள்ளையில இவனத் தோள்ல வச்சிக் கடல் காட்டுன தோளு இது, எனக்குத் தெரியாதா, இவ்வளவும் அவந்தான்!" என்று மூக்கிலும் வாயிலும் நீர் ஒழுகக் கத்தினார். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு பெட்டியின் பலகையில் விழுந்து, விழுந்த இடம் கறுத்தது. பாலத்தின் இந்தப் பக்கம் நின்ற நாங்கள் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குள் கித்தேரி பாலத்தின் பாதிக்கு வந்துவிட்டாள். பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தவள், அதன் பக்கத்தில் போய்ச் சேருவதற்கு முன்பே நின்றாள். அவள் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே விழப்போகிறவள் மாதிரி மறு கையையும் கொண்டுவந்து பிள்ளையை அணைத்துப் பிடித்தாள். ஜெனோவா பிறந்த நாளிலிருந்து அவள் தடவித் தடவித் தேடியது எதுவோ, அது முழுவதும் ஒரே நேரத்தில் அவள் இடுப்பில் வந்து உட்கார்ந்திருந்தது.

பிள்ளை பயந்துபோய்க் கத்தினாள். "அம்மா, என்னிய யாரோ கீழ இழுக்காவ! யாரோ இழுக்காவ அம்மா!"

"யாரும் இழுக்கல பிள்ள," என்றாள் கித்தேரி. "அது நீதான்."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. பெட்டியருகே போய் மண்ணில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கிடத்தி, அதன் தலையை, தொடையை, பாதத்தை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தி ஏந்திப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து அழுதாள். அன்றைக்கு அரிசி மூட்டைமேல் விட்டுவிட்டு வந்ததற்கு அழுதாள், மீனைத் திருப்பிப் போட்டதற்கு அழுதாள், பிறகு பெட்டியில் தலையை வைத்து, "போயிட்டியளே, நான் உங்கள ஒருதரம்கூடப் பாக்காம போயிட்டியளே" என்று லூக்காஸுக்காக அழுதாள். கண்ணீர் தாடையில் இறங்கி, கழுத்தில் இறங்கி, பிள்ளையின் மேல் சொட்டியது. சேசம்மாள் பாலத்தைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, செத்து வருஷமான தன் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு ஒவ்வொருவராகத் தாண்டினோம். முட்டி வலித்தது. யார் யாருக்கு அழுதோம் என்று கணக்கில்லை. லூக்காஸின் பெட்டிக்கு அடியில் எல்லோரும் மாறி மாறித் தோள் கொடுத்துப் பார்த்தோம்.

உச்சி வெயில் சாய்ந்ததும் தஸ்நேவிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போவோம் தாயி, கல்லறையில சாமி காத்துக்கிட்டு இருக்காரு," என்றார்.

"நீங்க கொண்டு போங்க அத்தான். நான் பிள்ளையத் தூக்கிட்டு மெதுவா வாரேன்."

தூக்கினோம். பாலத்தின் பாதிக்கு வரும்போது பெட்டி தோளிலிருந்து மேலே எழும்பியது, அத்தோடு எங்கள் அழுகையும் நின்றது. கல்லறைக்குப் போய்ச் சேருவதற்குள் இறால் விலை மறுபடியும் வந்துவிட்டது.

மெதுவாக வருகிறேன் என்று சொன்ன கித்தேரி இன்னும் வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் உடைமர நிழலில் ஓலைக்குடிசை போட்டுக்கொண்டு, சந்தைக்குத் தலைச்சுமையாகக் கருவாடு கொண்டுபோய்ப் பிழைக்கிறாள். ஜெனோவாவின் காலுக்கு முதலில் நிற்கவே வரவில்லை. தவழ்ந்தாள், விழுந்தாள், முட்டியில் ரத்தம் வர விழுந்தாள், இப்போது பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள். நாங்கள் திருவிழாவுக்கு முந்தின நாள் தராசை இறக்கிவைத்த பிறகு பாலத்தைத் தாண்டிப் போய், அவரவர் செத்தவர்களுக்காகக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டோம். வலி பொறுக்காதவர்கள் வருவதில்லை.

போன வருஷம் பங்குச்சாமியார் பாலத்தின் இந்தப் பக்கம் நின்று அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார். "வந்துரும்மா. ஒத்தையில எதுக்கு இப்படி இடுப்பு ஒடியக் கெடக்க? இங்க எவ்வளவு லேசா இருக்கு."

குடிசை வாசலில் கித்தேரி நின்றுகொண்டிருந்தாள். வளர்ந்த பிள்ளை அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது, அதன் கால் இரண்டும் அவள் முழங்கால் வரைக்கும் தொங்கின. அந்த வயதுப் பிள்ளையை யாரும் தூக்குவதில்லை. அவள் ஒரு பக்கமாகக் கோணி, பல்லைக் கடித்துக்கொண்டு, பாரத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"பிள்ள தூங்குது சாமி," என்றாள். "எறக்குனா முழிச்சுக்கும்."

எங்களுக்குக் கண்ணில் நீர் வந்து நின்றது. துணியால் ஒற்றிக்கொண்டு திரும்பினோம், மீன் வண்டி வருகிற நேரமாகியிருந்தது.